12 லட்சம் வரை வரி இல்லை என்றால் ரிட்டர்ன் எதற்கு?

2025 ஜூன் 2 – ஒரு வாசகரின் கேள்வி

பிப்ரவரி பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். என் சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சத்து 60 ஆயிரம். எனவே இந்த முறை நான் வருமானவரி ரிட்டர்ன் (ஆண்டு வருமானக் கணக்கு) போட வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றாலும் செப்டம்பர் 15 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். இதை யாராவது மறுக்க முடியுமா?

2025 ஜூன் 3

மறுக்கத்தான் வேண்டும். நீங்கள் சொல்லும் 12 லட்சம், 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை ஈட்டும் வருமானத்துக்கு உரியது. இப்போது தாக்கல் செய்ய வேண்டிய கணக்கோ, 2025 மார்ச்சுடன் முடிந்த ஆண்டுக்கானது. அந்த ஆண்டில், கழிவுகளும் விகிதங்களும் குறைந்த புதிய முறையில் முழு வரித் தள்ளுபடி 7 லட்சம் வரைதான்.

உங்கள் எண்ணையே போட்டுப் பார்க்கிறேன். 9,60,000-இல், சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு 75,000 போக 8,85,000. முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. அதற்கு மேலுள்ள 1,85,000-க்கு 10 சதவீதம், அதாவது 18,500. மொத்தம் 38,500, வரியின் மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் தீர்வை) சேர்த்து 40,040 ரூபாய். உங்கள் நிறுவனம் இதை மாதாமாதம் பிடித்திருக்கும். நிறுவனம் தரும் வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16-இல் பாருங்கள். இதே சம்பளம் நடப்பு ஆண்டிலும் தொடர்ந்தால், புதிய அடுக்குகளின்படி வரி 28,500 வரும். 60,000 வரையிலான தள்ளுபடியில் அது முழுவதும் கழிந்துவிடும். ஒரே சம்பளம், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், ஒன்றில் 40,040, மற்றொன்றில் பூஜ்யம். பட்ஜெட் நாளில் தொலைக்காட்சியில் கேட்ட எண்ணை அதே ஆண்டு ஜூலைக் கணக்கில் பொருத்துவதால் வரும் குழப்பத்தைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

தேதியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தணிக்கை தேவைப்படாதவர்களுக்கு ஜூலை 31-ஆக இருந்த கெடுவை, மே 27 அன்று வருமானவரித் துறை செப்டம்பர் 15 ஆக மாற்றியது. தாமதித்தால் 5,000 ரூபாய் கட்டணம்.

2025 ஜூன் 4

நேற்று எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். தாமதக் கட்டணம் எல்லோருக்கும் 5,000 அன்று. மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு 1,000 ரூபாய்தான். விலக்கு வரம்புக்குள் இருப்பவர்களுக்கு, வேறு காரணத்தால் தாக்கல் கட்டாயமாகாதவரை, கட்டணமே இல்லை. சிறிய ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் 5,000 என்ற எண்ணைப் பார்த்துப் பதறக்கூடும் என்பதால் உடனே எழுதுகிறேன்.

2025 ஜூன் 19

இடையில் வந்த இன்னொரு கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். "தள்ளுபடி போக என் வரி பூஜ்யம் என்றால் கணக்கு எதற்கு?" என்று கேட்டிருந்தார் ஒருவர். இந்தக் கேள்வியை என் அக்காவும் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்.

விலக்கு வரம்பு வேறு, தள்ளுபடி வேறு. விலக்கு வரம்பு என்பது அதற்குக் கீழே வருமானம் இருந்தால் பொதுவாகக் கணக்கே காட்ட வேண்டியதில்லை என்னும் எல்லை. முடிந்த ஆண்டுக்குப் புதிய முறையில் அது 3 லட்சம், நடப்பு ஆண்டுக்கு 4 லட்சம். தள்ளுபடி என்பது முதலில் வரியைக் கணக்கிட்டு, பிறகு அதை நீக்கித் தருவது. கணக்கே கொடுக்காத ஒருவருக்கு நீக்கித் தர எதுவும் இல்லை. ஆகவே 3 லட்சத்தைத் தாண்டியவர், வரி பூஜ்யமாக இருந்தாலும், தாக்கல் செய்தே ஆக வேண்டும். வரம்புக்குக் கீழே இருப்பவர்களிலும், ஆண்டில் மின்கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டியவர்களும், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவிட்டவர்களும் தாக்கல் செய்ய வேண்டும்.

அக்காவுக்கு வயது 68. ஓய்வு பெற்ற ஆசிரியை. கருவூலத்திலிருந்து வரும் ஓய்வூதியம் ஆண்டுக்கு 4,80,000. வங்கி வைப்புகளின் வட்டி 1,10,000. நிலைக்கழிவு போக 5,15,000; வரி 10,750; தள்ளுபடி போகப் பூஜ்யம். ஆனால் வங்கி 11,000 ரூபாயைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டது. 2024 ஏப்ரலிலேயே அவர், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கிக்குத் தரும் 15எச் படிவத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். கிளையில் அதைப் பதிவேற்றாமல் விட்டுவிட்டார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள் என்று நான் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. அந்த 11,000 திரும்பி வருவதற்கு ரிட்டர்ன் ஒன்றே வழி. "வரிதான் இல்லையே, எதற்கப்பா அலைச்சல்?" என்று கேட்கும் ஒவ்வொரு முதியவரின் பாஸ்புத்தகத்திலும் இப்படி ஒரு தொகை கிடக்கிறதா என்று வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 1 முதல் மூத்த குடிமக்களுக்கு வட்டிப் பிடித்தத்தின் வரம்பு 50,000-இலிருந்து ஒரு லட்சமாக உயர்ந்திருக்கிறது. மற்றவர்களுக்கு 40,000-இலிருந்து 50,000. இனிப் பலருக்குப் பிடித்தமே இருக்காது. அக்காவின் வட்டி 1,10,000 என்பதால் அவருக்கு இந்த உயர்வும் போதாது. 15எச் இந்த ஆண்டும் வேண்டும்.

2025 ஜூலை 13

ஐ.டி.ஆர். எனப்படும் ரிட்டர்ன் படிவங்களில் 2, 3 ஆகியவற்றை நிரப்புவதற்கான எக்செல் கருவிகள் ஜூலை 11 அன்றுதான் வெளிவந்தன. பழைய ஜூலை 31 நீடித்திருந்தால், பங்கு விற்றவர்களுக்கும் இரண்டு வீடு உள்ளவர்களுக்கும் மூன்றே வாரங்கள் இருந்திருக்கும். படிவங்களின் அமைப்பை மாற்றியதையும், அதற்கேற்ப மென்பொருளைத் தயாரிக்க நேரம் தேவைப்பட்டதையும் துறையே நீட்டிப்புக்குக் காரணமாகச் சொல்லியிருந்தது. நீட்டிப்பு நியாயமானதே என்பது இன்று என் கருத்து.

பங்கு விற்றவர்கள் எல்லோரும் ஐ.டி.ஆர். 2 தான் போட வேண்டும் என்று தெருவில் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டேன். அது தவறு. பட்டியலிட்ட பங்கு அல்லது பங்குசார் பரஸ்பர நிதியில் நீண்டகால ஆதாயம் 1.25 லட்சத்துக்குள் இருந்து, முன்னாண்டு நட்டம் எதையும் கொண்டுவராதவர், மற்றத் தகுதிகளும் இருந்தால், இந்த ஆண்டு முதல் எளிய ஐ.டி.ஆர். 1 படிவத்திலேயே காட்டலாம். அவர்கள் இருவரிடமும் நேரில் போய்த் திருத்திச் சொல்லிவிட்டேன்.

2025 ஜூலை 29

அக்காவின் கணக்கை நேற்று தாக்கல் செய்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்தும் முடித்தோம். தாக்கல் செய்து 30 நாள்களுக்குள் சரிபார்க்காவிட்டால், சரிபார்க்கும் நாள்தான் தாக்கல் நாளாகக் கொள்ளப்படும். கெடுவுக்குள் போட்ட கணக்குகூட அப்படித் தாமதக் கணக்காகிவிடலாம்.

ஓர் இடத்தில் அரை நாள் நின்றுவிட்டோம். அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் வட்டி 62,000 என்றுதான் இருந்தது. துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் 1,10,000. மீதி 48,000 எங்கே போனது என்று தேடியபோதுதான் காரணம் புரிந்தது: அவருடைய வைப்புகளில் ஒன்று, வட்டியைக் கையில் தராமல் முதலோடு சேர்த்து ஐந்தாம் ஆண்டு முடிவில் தரும் வைப்பு. பணம் வராவிட்டாலும் ஆண்டுதோறும் சேரும் வட்டியை வங்கி கணக்கில் எடுத்து அதன் மீதும் வரி பிடிக்கிறது. "கைக்கே வராத காசுக்கு வரியா?" என்று அக்கா கேட்டது நியாயமான வேதனைதான். ஆனால் ஆண்டுதோறும் காட்டிவிட்டால் தள்ளுபடிக்குள் அடங்கிவிடும் தொகை, முதிர்வு ஆண்டில் மொத்தமாகக் காட்டினால் எல்லையைத் தாண்டிவிடலாம் என்று எண்களோடு எழுதிக் காட்டியபின் சமாதானமானார்.

2025 ஆகஸ்ட் 23

புதிய வருமானவரிச் சட்டத்துக்கு நேற்று முன்தினம், ஆகஸ்ட் 21 அன்று, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்திருக்கிறார். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருத்தங்களால் பெருகி 819 ஆகிவிட்ட பிரிவுகள் 536 ஆகச் சுருங்கியுள்ளன. வரி விகிதங்கள் இதனால் மாறவில்லை.

பிரிவுகளின் எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வருமானம் ஈட்டிய ஆண்டுக்கு ஒரு பெயர், அதை மதிப்பிடும் அடுத்த ஆண்டுக்கு இன்னொரு பெயர் என்று இருந்த ஏற்பாடு போய், இனி 'வரி ஆண்டு' என்ற ஒரே பெயர்தான். ஜூன் 2-ஆம் தேதிக் கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அந்த வாசகர் தடுமாறியதற்குப் பாதிக் காரணம் இந்த இரட்டைப் பெயர்கள்தாம். வரி கட்டும்போது 2024-25 என்றும், ரிட்டர்னில் 2025-26 என்றும் பார்க்கும் ஒருவர், பட்ஜெட்டில் 2025-26 என்று கேட்டதும் அதைத் தன் ரிட்டர்னோடு பொருத்திக்கொள்வதில் வியப்பே இல்லை.

பிப்ரவரியில் கொண்டுவந்த மசோதாவில், கெடுவுக்குள் தாக்கல் செய்தவர்களுக்கு மட்டுமே ரீஃபண்ட் என்ற பொருள் தரும் ஒரு விதி இருந்தது. பைஜயந்த் பாண்டா தலைமையிலான நாடாளுமன்றத் தேர்வுக்குழு அதை நீக்கப் பரிந்துரைத்தது. திருத்திய மசோதாவில் அது இல்லை. அந்த விதி நிலைத்திருந்தால், நோயில் படுத்து ஒரு மாதம் தாமதித்த ஒரு முதியவர் தன் 11,000 ரூபாயை இழந்திருப்பார். நீக்கியவர்களுக்கு மனமார நன்றி சொல்கிறேன்.

அக்காவின் பணம் அதே ஆகஸ்ட் 21 அன்று வந்துவிட்டது: 11,275 ரூபாய். மேலே உள்ள 275, ஏப்ரல் முதல் ஐந்து மாதங்களுக்கு, மாதம் அரை சதவீத வட்டி. கெடு கடந்து தாக்கல் செய்திருந்தால் தாக்கல் செய்த நாளிலிருந்துதான் இந்த வட்டி ஓடும்.

2025 செப்டம்பர் 15, இரவு

மாலையிலிருந்து மூன்று வீட்டுக்காரர்கள் என் வீட்டில் இருக்கிறார்கள். வருமானவரி இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடப்பு ஆண்டு வரியைத் தவணைகளாக முன்னதாகவே கட்டும் முன்கூட்டி வரியின் இரண்டாவது தவணைக்கும் இன்றுதான் கெடு. ரிட்டர்ன் போடுபவர்களும் தவணை கட்டுபவர்களும் ஒரே நாளில் ஒரே வாசலில் நிற்கிறார்கள்.

2025 செப்டம்பர் 16, காலை

நள்ளிரவையொட்டி ஒரு நாள் நீட்டித்து அறிவிப்பு வந்தது. மென்பொருளை மாற்றுவதற்காக 12 மணி முதல் 2.30 மணி வரை தளத்தை மூடியிருந்தார்கள். மூவரில் இருவருக்குக் காலை 6 மணிக்கு முடித்துக் கொடுத்தேன். மூன்றாமவர், "இன்னும் நீட்டிப்பார்கள் சார்" என்று சொல்லி நேற்று இரவே வீட்டுக்குப் போய்விட்டார். தொலைபேசியை எடுக்கவில்லை. நேற்று வரை 7.3 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் பதிவாகியிருப்பதாகத் துறை சொல்கிறது. சென்ற ஆண்டு ஜூலை 31 வரை பதிவானவை 7.28 கோடி.

2025 செப்டம்பர் 21

அந்த மூன்றாமவரைப் பற்றி, அவர் அனுமதியுடன் எழுதுகிறேன். சென்னையில் வேலை, வாடகை வீடு. பெற்றோர் இருக்கும் ஊரில் கடன் வாங்கிக் கட்டிய வீடு. சம்பளம் 14 லட்சம். வீட்டு வாடகைப்படி விலக்கு 2,40,000, நிலைக்கழிவு 50,000, வீட்டுக்கடன் வட்டி 2,00,000, 80சி பிரிவுச் சேமிப்புகளில் 1,50,000, தனக்கும் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000, தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கூடுதலாக 50,000. இவை போக 6,35,000. இந்தக் கழிவுகளையெல்லாம் அனுமதிக்கும் பழைய முறையில் வரி, செஸ் சேர்த்து 41,080. அலுவலகமும் அதையே பிடித்திருந்தது. அவர் மீதி ஒன்றும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 16 கடந்துவிட்டது. 20-ஆம் தேதி தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது, பழைய முறையைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. தொழில் வருமானம் இல்லாத ஒருவர், கெடுவுக்குள் தாக்கல் செய்யும் கணக்கில்தான் பழைய முறையைக் கேட்கலாம். புதிய முறையே இயல்பான முறை என்று ஆனதன் விளைவு இது. புதிய முறையில், நிலைக்கழிவு 75,000 மட்டும் போக, அவர் வருமானம் 13,25,000. வரி, செஸ் சேர்த்து 1,09,200. வித்தியாசம் 68,120 ரூபாய். அதற்கு மேல் தாமதக் கட்டணம் 5,000, வட்டி தனி.

நான்கு நாள் தாமதம், அரை மாதச் சம்பளத்துக்கும் மேல். தாமதித்தால் 5,000 போகும் என்று ஜூன் 3 அன்று நான் எழுதியது எவ்வளவு குறைபாடான பதில் என்று இப்போது தெரிகிறது. அந்த எண்ணைத்தான் அவரும் நம்பியிருந்தார்: "போனால் 5,000 தானே சார்." பழைய முறையை நம்பியிருக்கும் ஒவ்வொருவருக்கும் கெடு நாள் என்பது அவர்களுடைய அத்தனை சேமிப்புக் கழிவுகளின் கெடு நாள் என்பதை ஜூன் மாதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 23

இரண்டு நாள் யோசித்தபின் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜூலை 13 அன்று நீட்டிப்பு நியாயம் என்று எழுதினேன். கருவி தாமதமாக வந்ததால் அது நியாயம்தான், அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஆறு வார நீட்டிப்பு, கடைசி நள்ளிரவில் மேலும் ஒரு நாள் என்று பழக்கப்படுத்தினால், மக்கள் கெடுவை ஒரு பேரமாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். படிவங்களும் கருவிகளும் ஏப்ரலிலேயே வந்துவிட்டால் நீட்டிப்பே தேவைப்படாது. கேட்க வேண்டியது அதைத்தான்.

கெடு நீண்டாலும் எல்லா வட்டியும் நிற்காது என்பதையும் கவனியுங்கள். முன்கூட்டி வரி கட்ட வேண்டியவர் 90 சதவீதம் கட்டாமல் விட்டிருந்தால், ஏப்ரல் 1 முதல் மாதம் ஒரு சதவீத வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டி வரிப் பொறுப்பே இல்லை என்பதால் அவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

2025 அக்டோபர் 30

தணிக்கை அறிக்கைக்கான கெடு செப்டம்பர் 30-இலிருந்து அக்டோபர் 31-க்கும், இப்போது நவம்பர் 10-க்கும் போயிருக்கிறது. தணிக்கை உள்ளவர்களின் ரிட்டர்னுக்கு டிசம்பர் 10. கடைக்காரர்கள் தங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2025 டிசம்பர் 27

ரீஃபண்ட் கோரிக்கை இடர் மேலாண்மைப் பரிசோதனையில் (சந்தேகமான கோரிக்கைகளைப் பிரித்தெடுக்கும் சோதனையில்) நிறுத்தப்பட்டுள்ளதாகப் பலருக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. நம் தெருவில் மட்டும் நான்கு பேர். பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். படிவம் 16-இல் இல்லாத கழிவு எதையாவது ரிட்டர்னில் சேர்த்திருக்கிறீர்களா, அதற்கு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்படியே விடலாம். இல்லையென்றால் டிசம்பர் 31-க்குள் திருத்திய கணக்குப் போடுங்கள்.

நால்வரில் ஒருவர், கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடையை யாரோ ஒரு தரகர் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தந்ததாக ஒப்புக்கொண்டார். திரும்ப வரும் பணத்தில் பங்கு கேட்கும் எவரிடமும் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். கணக்கில் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. 31-ஐத் தவறவிட்டால் எஞ்சுவது, கூடுதல் வரி கட்டிப் பிழையைச் சரிசெய்யும் புதுப்பித்த ரிட்டர்ன். அதற்கான காலம் இப்போது 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாக நீண்டிருக்கிறது. ஆனால் ஆண்டுக்கேற்ப 25, 50, 60, 70 சதவீதம் கூடுதல் வரி உண்டு. ரீஃபண்ட் கேட்பதற்கு அதைப் பயன்படுத்த முடியாது.

2026 பிப்ரவரி 2

நேற்றைய பட்ஜெட்டில் விகிதங்களில் மாற்றம் இல்லை. தேதிகளில்தான் மாற்றம். ஐ.டி.ஆர். 1, 2 போடுபவர்களுக்கு ஜூலை 31 அப்படியே தொடரும். தணிக்கை தேவைப்படாத தொழில் கணக்குகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஆகஸ்ட் 31. திருத்திய ரிட்டர்னுக்கான கெடுவை, ஒரு சிறு கட்டணத்துடன், டிசம்பர் 31-இலிருந்து மார்ச் 31 வரை நீட்டிக்கப்போவதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்திருக்கிறார். எல்லோரும் ஒரே நாளில் மோதாமல் கெடுவைப் பிரித்தது எனக்கு நிறைவளிக்கிறது. செப்டம்பர் 15 இரவு இந்த ஏற்பாடு இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

2026 மார்ச் 29

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார்: "புதன்கிழமை புதிய சட்டம் வருகிறதே, என் 12 லட்சம் இப்போதாவது செல்லுமா?"

செல்லும். ஆனால் இந்த ஜூலையில் நீங்கள் போடப்போகும் ரிட்டர்ன், 2025-26 வருமானத்துக்கானது. அது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நடக்கும். புதிய சட்டத்தின் கீழ் முதல் முழுக் கணக்கு 2027-இல்தான். 4 லட்சத்தைத் தாண்டிய வருமானம் என்பதால் நீங்கள் தாக்கல் செய்யத்தான் வேண்டும். வரி பூஜ்யமாக வரும். சம்பளம் கூடி, கழிவு போக 12,10,000 ஆகிவிட்டாலும் அஞ்ச வேண்டாம்: அடுக்குப்படி 61,500 வந்தாலும், எல்லையைத் தாண்டிய 10,000-க்கு மேல் வரி கேட்க முடியாது, செஸ் 400 மட்டும் கூடும். பங்கு விற்ற ஆதாயம் இருந்தால், அதன் மீதான சிறப்பு விகித வரிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. அதைத் தனியாக எழுதி வையுங்கள்.

அக்காவுக்குச் சென்ற ஆகஸ்டில் ரீஃபண்டோடு வந்த 275 ரூபாய் வட்டியும் இந்த ஆண்டு வருமானத்தில் சேரும். அதை அவர் நோட்டில் குறித்துவிட்டேன். ஏப்ரல் முதல் வாரத்தில் வங்கிக்குப் போகிறோம். இந்த முறை ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரப்போவதில்லை. செப்டம்பரில் கெடுவைத் தவறவிட்ட சென்னைத் தம்பி, வீட்டுக்கடன் சான்றிதழையும் காப்பீட்டு ரசீதுகளையும் ஒரு கோப்பில் போட்டு இப்போதே என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஜூன் நடுவில் படிவம் 16 வந்ததும் அவருடையதைத்தான் முதலில் எடுக்கப்போகிறேன்.